கல்நார், ஆஸ்பெஸ்டாஸ், சிமெண்ட் ஷீட்: ஒரு கூரையின் பெயர் வரலாறு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில், கூரைப் பொருள் என்னும் தலைப்பின்கீழ் ஒரு நிரல் உண்டு. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, பிற உலோகத் தகடு, ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆகிய மூன்றும் அந்த ஒரே நிரலில் அடங்கும். இந்தியக் குடும்பங்களில் 15.9 விழுக்காடு அத்தகைய கூரையின்கீழ் வாழ்வதாக அட்டவணை கூறுகிறது. 2001இல் இது 11.6 விழுக்காடாக இருந்தது. பத்தாண்டுகளில் நேர்ந்த இந்த உயர்வில் தகரம் எவ்வளவு, ஆஸ்பெஸ்டாஸ் எவ்வளவு என்று கேட்டால் அட்டவணையிடம் விடை இல்லை.

தகரம் துருப்பிடிக்கும், கோடையில் கொதிக்கும், அதற்குமேல் அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆஸ்பெஸ்டாஸோ உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று முதல் தொகுதியில் வைத்திருக்கும் பொருள். இவ்விரண்டையும் ஒரே கட்டத்துக்குள் வைத்துவிட்டால், இந்நாட்டில் எத்தனை கோடிப் பேர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் உறங்குகின்றனர் என்பது எண்ணப்படாமலேயே போய்விடும். கணக்கெடுப்பாளரின் கண்ணுக்கு இரண்டும் அலையலையான தகடுகள். ஆகவே இரண்டுக்கும் ஒரே பெயர்.

மொழியியல் பயின்ற எனக்கு இந்த நிரல் ஒரு வகைப்பாட்டுப் பிழையாக மட்டும் தோன்றவில்லை. ஆஸ்பெஸ்டாஸின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அது பரவிய ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பெயர் மாறியிருக்கிறது, அல்லது மறைந்திருக்கிறது. கனிமத்தின் பெயர், பண்டத்தின் பெயர், நோயின் பெயர் என மூன்றையும் தனித்தனியே பின்தொடர்ந்தால்தான், நம் தலைக்குமேல் இருப்பது இன்னதென்று அறிவது ஏன் இவ்வளவு கடினமாயிற்று என்பது விளங்கும்.

கனிமத்தின் பெயர்

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கிரேக்கச் சொல். 'அணைக்க இயலாதது' என்பது அதன் பொருள். கிரேக்கர்கள் இச்சொல்லைச் சுண்ணாம்புக்கு வழங்கினர். இன்றைய கிரேக்க மொழியிலும் அதன் மரபில் வந்த சொல் சுண்ணாம்பையே குறிக்கிறது. நாரிழைக் கனிமத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அமியாந்தோஸ், அதாவது 'மாசுபடாதது'. அழுக்கான துணியை நெருப்பிலிட்டால் அழுக்கு மட்டும் எரிந்து துணி தூய்மையாகும் என்பதால் வந்த பெயர் அது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் ஆகிய மொழிகள் அந்தப் பெயரின் வழித்தோன்றல்களையே இன்றும் வழங்குகின்றன. சுண்ணாம்பின் பெயர் கனிமத்துக்கு மாறியது உரோம அறிஞர் பிளினியின் வழியாக என்பர். அந்தப் பெயர்தான் ஆங்கிலத்துக்கும், ஆங்கிலம் வழியே நமக்கும் வந்தது.

பிளினி எழுதியதில் நமக்கு வேறொரு செய்தியும் உண்டு. நெருப்பில் எரியாத இந்த இழை ஒரு தாவரம் என்று அவர் கருதினார். அது மழை பெய்யாத, பாம்புகள் வாழும் இந்தியப் பாலைவனங்களில் விளைவதாகவும் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பயணம் செய்த மார்க்கோ போலோதான், தீயில் வாழும் சாலமாண்டர் என்ற விலங்கின் மயிரால் நெய்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் துணி உண்மையில் மலையிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம் என்று ஐரோப்பியருக்கு விளக்கினார்.

பிளினியைப் பற்றி ஒரு திருத்தம். ஆஸ்பெஸ்டாஸ் நெய்த அடிமைகளுக்கு நுரையீரல் நோய் வந்ததை அவர் பதிவு செய்தார் என்றும், அவர்கள் விலங்குகளின் நீர்ப்பையை முகமூடியாக அணிந்தனர் என்றும் பல நூல்களும் கட்டுரைகளும் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. முகமூடி பற்றிய குறிப்பு பிளினியிடம் உண்மையாகவே உண்டு. ஆனால் அது செந்நிற நிறமியான சாதிலிங்கத்தைப் பொடிசெய்த தொழிலாளரைப் பற்றியது. இத்துறையில் எழுதும் மாணவர்கள் மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நஞ்சின் வரலாற்றை இரண்டாயிரம் ஆண்டு பழைமையாக்கிக் காட்டினால், அது அறியப்பட்ட உண்மையான காலமும், அறிந்தும் மறைத்தோரின் பொறுப்பும் மங்கிப்போகும்.

தமிழில் இதன் பெயர் கல்நார். இதைவிடத் துல்லியமான பெயரை நான் வேறு மொழியில் கண்டதில்லை. கல்லாகவும் நாராகவும் இருக்கும் பொருளை இரண்டு சொற்களும் காட்டிவிடுகின்றன. சித்த மருத்துவ மரபில் கல்நார் பற்பம் என்ற மருந்துப் பெயரும் உண்டு. ஆகவே தமிழ்ச் சமூகத்துக்கு இக்கனிமம் புதியதன்று. புதியதாக வந்தது கனிமத்தின் தொழில். அது வேறொரு பெயரோடு வந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்பது ஒரு தனிக் கனிமத்தின் பெயரன்று. கிரைசோடைல், அமோசைட், குரோசிடோலைட், டிரெமோலைட், ஆக்டினோலைட், ஆந்தோஃபில்லைட் என்ற ஆறு நாரிழைக் கனிமங்களுக்கு வணிகம் வழங்கிய பொதுப்பெயர் அது. முதலாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும்; இரண்டாவது பழுப்பு, மூன்றாவது நீலம். உலகச் சந்தையில் இன்று விற்பனையாவது ஏறத்தாழ முழுவதும் வெள்ளையே. நீலம் தீயது, வெள்ளை நல்லது என்ற வாதம் பல பத்தாண்டுகளாக இத்தொழிலின் கேடயமாக இருந்துவருகிறது. புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு அத்தகைய விலக்கு எதையும் தரவில்லை. ஆறு வகைகளும் அதன் முதல் தொகுதியிலேயே உள்ளன.

நோயின் பெயர்

1900ஆம் ஆண்டளவில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர், சிமெண்டையும் ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் நீரில் கலந்து, காகிதம் செய்வதைப் போல் மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்தப் பண்டத்துக்கு அவர் சூட்டிய வணிகப் பெயர் எடர்னிட். 'நிலையானது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்கு நாரும் மீதி சிமெண்டுமாக அமைந்த அத்தகடு இலேசானது, மலிவானது, எரியாதது. உலகமெங்கும் அது பரவியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேறொரு பதிவு தொடங்கியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் தீமையை 1898ஆம் ஆண்டு அறிக்கையிலேயே பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். 1899இல் இலண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் மருத்துவர் மாண்டேகு மர்ரே ஒரு தொழிலாளியைக் கண்டார். நார் சிக்கெடுக்கும் அறையில் தன்னோடு வேலை செய்த பத்துப் பேரில் எஞ்சியவர் தாம் ஒருவரே என்று அந்தத் தொழிலாளி கூறினார். அவரும் இறந்தபின் நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் துகள்கள் காணப்பட்டன. இத்தனைக்குப் பின்னும் நோய்க்குப் பெயர் இல்லை.

பெயர் இல்லாமையின் விலை 1924இல் தெரிந்தது. ரோச்டேல் நகரின் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் அவ்வாண்டு தம் 33ஆம் வயதில் இறந்தார். ஆஸ்பெஸ்டாஸ் நஞ்சு என்று மருத்துவர் சான்றளித்திருந்தும் நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் அப்படியொரு நோயின் பெயரே இல்லை என்பது அதன் வாதம். வாதம் சட்டப்படி சரியானது. வில்லியம் குக் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் அவர் நுரையீரலை ஆராய்ந்து அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1927இல் அவரது அடுத்த கட்டுரையில்தான் 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்ற சொல் நிலைபெற்றது.

பெயர் கிடைத்ததும் நிகழ்ந்தவை விரைவானவை. மெர்வெதர், பிரைஸ் ஆகிய இருவர் 363 தொழிலாளரைச் சோதித்து 1930இல் அரசுக்கு அறிக்கை அளித்தனர். 95 பேரின் நுரையீரலில் தழும்பேற்றம் இருந்தது. இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ பணிபுரிந்தவர்களில் ஐவரில் நால்வருக்கு அந்நோய் இருந்தது. 1931இல் பிரிட்டன் தூசிக் கட்டுப்பாட்டு விதிமுறைகளை இயற்றியது. கால் நூற்றாண்டு கழித்து, 1955இல், ரிச்சர்ட் டால் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டுக் காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவின் வடகேப் பகுதியிலிருந்து வாக்னரும் உடன் ஆய்ந்தவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளரைப் பற்றி எழுதினர். நுரையீரலின் உறையில் தோன்றும் அரிய புற்றுநோய் அது. அவர்களுள் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்லர்; சுரங்கத்தின் அருகே வாழ்ந்தவர்கள், சிறுவயதில் அங்கே விளையாடியவர்கள்.

பண்டத்தின் பெயர்

இந்தியாவுக்கு வரும்போது ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். டர்னர் பிரதர்ஸ் உள்ளிட்ட ஆலைகள் 1920இல் இணைந்து டர்னர் அண்ட் நியூவால் என்ற பெருங்குழுமமாகியிருந்தன. பிரிட்டன் 1931இல் விதிமுறை இயற்றியது. மூன்றே ஆண்டுகளில், 1934இல், அந்தக் குழுமத்தின் முதலீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் லிமிடெட் என்ற நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. நெல்லி கெர்ஷா இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. நோய்க்குப் பெயர் வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. பண்டம் கப்பலேறிற்று, விதிமுறை உடன் வரவில்லை. பிரிட்டனின் விதிமுறைகளும் முதன்மையாக நூற்பு, நெசவுப் பிரிவுகளின் தூசியையே கருதியவை. சிமெண்ட்டோடு கலந்த தகட்டின் மீது அவற்றின் பார்வை அதிகம் விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் தூசி கொல்லும் என்ற அறிவு அந்தக் குழுமத்தின் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய முதலாளிகளும் இத்தொழிலில் இறங்கினர். வீட்டுத் தேவை பெரிது, எஃகு பற்றாக்குறை, ஓலைக்கும் ஓட்டுக்கும் மாற்று வேண்டும். இலேசான, எரியாத, துருப்பிடிக்காத தகடு வளரும் நாட்டின் பண்டமாகக் கருதப்பட்டது. இதை இன்று எளிதாக ஏளனம் செய்துவிடக் கூடாது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்றத் தமிழக அரசு ஆணையிட்டது. 'தீப்பிடிக்காது' என்ற சொல்லின் கனத்தை அறிந்த சமூகம் நம்முடையது. ஓலையில் வாழ்ந்த குடும்பம் தகட்டுக் கூரைக்கு மாறுவது அக்குடும்பத்தின் அறியாமையன்று. கையிருப்புக்குள் கிடைத்த பாதுகாப்பு அது. கேள்வி, அந்தப் பாதுகாப்பின் முழுப் பெயரை அவர்களிடம் யார் சொன்னார்கள் என்பதே.

ஏனெனில் பண்டத்தின் பெயர் இதற்குள் தேய்ந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் என்ற மூன்று சொற்களில் முதற்சொல் உதிர்ந்து சிமெண்ட் ஷீட் ஆயிற்று. பின்னர் இரண்டாம் சொல்லும் உதிர்ந்து வெறும் ஷீட் ஆயிற்று. தமிழ்நாட்டில் 'ஷீட் போட்ட வீடு' என்றால் போதும். இந்தியில் 'சிமெண்ட் சாதர்' என்பர். பீகாரில் 'கர்கட்' என்ற சொல் தகரத்துக்கும் இதற்கும் பொதுவாக வழங்குகிறது. வணிகர்களும் பொறியாளர்களும் ஏ.சி. ஷீட், ஏ.சி. பைப் என்று சுருக்கினர். அந்த முதலெழுத்தில்தான் ஆஸ்பெஸ்டாஸ் ஒளிந்திருக்கிறது, ஆனால் ஏ.சி. என்றால் நாட்டில் எவருக்கும் நினைவு வருவது குளிர்சாதனம். தொடர்ச்சொற்கள் பயன்பாட்டில் தேய்வது மொழிகளின் இயல்பு; இதில் சூழ்ச்சி எதையும் நான் காணவில்லை. எனினும் தேய்ந்து விழுந்த சொல்தான் எச்சரிக்கை தாங்கிய சொல். எஞ்சிய சொல் எவரையும் அச்சுறுத்தாத சிமெண்ட்.

அரசின் தரநிர்ணய ஆவணத்தில் பெயர் மறையவில்லை. அலைத்தகடுகளுக்கான இந்தியத் தரம் 459, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் என்று தலைப்பிலேயே கூறுகிறது. ஆவணத்துக்கும் தெருவுக்கும் இடையில்தான் சொல் தொலைந்தது.

உடலில் நிகழ்வது

தகடு முழுதாக, அசையாமல் இருக்கும்வரை நார்கள் பெரும்பாலும் சிமெண்டுக்குள் கட்டுண்டிருக்கும். அறுக்கும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது, தேய்த்துக் கழுவும்போது அவை விடுபடுகின்றன. பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் பாசியிலும் மேற்பரப்புச் சிமெண்ட் அரிக்கப்பட்டும் நார் வெளிப்படும். மனித மயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய அந்நார் நீளவாக்கில் மேலும் பிளந்து நுண்ணியதாகும். கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, உடனே இருமலும் வராது. காற்றில் நெடுநேரம் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும்.

அங்கே உடலின் காவல் உயிரணுக்கள் அதை விழுங்க முயன்று தோற்கின்றன. நெடிய நார் அவற்றின் வாய்க்கு அடங்குவதில்லை. நீடித்த அழற்சியால் நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல், குரல்வளை, கருவகம் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கும் மீசோதீலியோமாவுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் காரணம் என்பது நிறுவப்பட்டது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு மேலும் பெருகும். பணியிட ஆஸ்பெஸ்டாஸால் மட்டும் உலகில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை.

வரலாற்று மாணவருக்கு இங்கே முக்கியமானது காலம். நாரை உள்ளிழுத்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே இருபது முதல் நாற்பது ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும், கழியும். அதற்குள் தொழிலாளி ஊர் மாறியிருப்பார், ஒப்பந்ததாரர் மறைந்திருப்பார், ஆலை கைமாறியிருக்கும். மூச்சுத்திணறலோடு வருபவரிடம் நம் மருத்துவமனைகளில் முதலில் தேடப்படுவது காசநோய்; நாட்டின் நோய்ச்சுமையைக் கருதினால் அது இயல்பே. ஆனால் 'முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை செய்தீர்கள்?' என்ற கேள்வி கேட்கப்படாதவரை, 1924இல் ரோச்டேலில் இருந்த நிலையிலேயே அந்நோயாளி நிற்கிறார்: நோய் இருக்கிறது, பெயர் இல்லை. மீசோதீலியோமாவுக்கெனத் தனித் தேசியப் பதிவேடு நம்மிடம் இல்லை. இந்தியாவில் பாதிப்பு குறைவு என்ற கூற்றைப் படிக்கும்போது, குறைவாக இருப்பது நோயா, பதிவா என்று கேட்டே தீரவேண்டும்.

சட்டத்தில் பாதி, சந்தையில் மீதி

இந்தியச் சட்டத்துக்கு இதன் பெயர் தெரியாமல் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. 1995 சனவரி 27 அன்று, அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நல உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. நோயின் நீண்ட உறக்கத்தை நீதிமன்றம் சரியாகப் புரிந்துகொண்ட இடம் அது. ஆனால் பதிவேடு இருக்கவேண்டுமானால் முதலில் வருகைப்பதிவில் பெயர் இருக்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கூரை வேயும் நாட்கூலிக்கும், கட்டடம் இடிப்பவருக்கும் அது இல்லை. 2011இல் கல்யாணேஸ்வரி வழக்கில் முழுத்தடை கோரிய மனுவை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கொள்கையிலும் இந்தப் பிளவு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுக்கப் புதிய குத்தகைகள் வழங்குவது 1986இல் நிறுத்தப்பட்டது. இருந்தவற்றைப் புதுப்பிப்பதும் 1993இல் நின்றது. ஆனால் உருசியா, கசகஸ்தான், பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதியாகிறது. ஜார்க்கண்டின் மேற்குச் சிங்பூம் மாவட்டத்தில் ரோரோ மலைச் சுரங்கம் 1983இல் மூடப்பட்டது. ஆதிவாசிக் கிராமங்களுக்கு மேலே கழிவுக் குவியல் மூடப்படாமலேயே கிடந்தது. பீகாரின் முசாபர்பூர், வைசாலி மாவட்டங்களில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய ஆலைகளை எதிர்த்து உழவர்கள் போராடினர்.

பன்னாட்டு அரங்கிலும் பெயரைச் சொல்வதைப் பற்றியே சண்டை. தீங்கான பொருட்களின் வணிகத்துக்கான ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்ப்பது தடையன்று; வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டித் தகவல் தந்து ஒப்புதல் பெறவேண்டும் என்பதே. 2011இல் கிரைசோடைலைச் சேர்க்க இந்தியா இசைந்தது, கனடா எதிர்த்தது. 2013இல் இந்தியாவும் எதிர்ப்போர் வரிசைக்குத் திரும்பியது. பட்டியலிட ஒருமித்த இசைவு வேண்டும் என்பதால் மாநாட்டுக்கு மாநாடு முயற்சி தோற்றது. இதற்கிடையில் நேபாளம் தடை செய்தது; கனடாவே 2018இல் தடை செய்தது. கியூபெக்கில் கனிமத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் என்ற ஊர், 2020இல் வாக்கெடுப்பு நடத்தி வால்-தே-சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

இனங்காண்பது எப்படி

இனி நடைமுறை. காந்தம் ஒட்டினால் அது இரும்புத் தகடு, கவலையில்லை. காந்தம் ஒட்டாது, சாம்பல் நிறம், ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் தடிமன், அலைவடிவம், தட்டினால் உலோக ஒலி இல்லை, உடைந்த விளிம்பில் மெல்லிய நார்முனைகள் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ளவேண்டும். தகட்டின்மேல் அச்சிட்ட தரக்குறியும் ஆண்டும் சில சமயம் எஞ்சியிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் அற்ற நாரிழைச் சிமெண்ட் தகடுகளும் இப்போது விற்பனையில் உண்டு. அவை பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும். கண் ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பு சொல்லாது. உறுதி வேண்டுமெனில் ஆய்வகத்தில் நுண்ணோக்கிச் சோதனை வேண்டும். அதற்காகத் தாமே உடைத்துத் துண்டு எடுப்பது தவறு.

கூரைக்கு வெளியேயும் தேடவேண்டும். பழைய கட்டடங்களின் சாம்பல் நிற மழைநீர்க் குழாய்கள், கழிவறைக் காற்றுக்குழாய்கள், தண்ணீர்த் தொட்டிகள், கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிய வெண்பூச்சு, பழைய பொய்க்கூரைப் பலகைகள் ஆகியவற்றில் இது இருக்கலாம். குழாய்ச்சுற்றுப் பூச்சு தகட்டைவிட ஆபத்தானது. அதில் நார் சிமெண்டால் பிணைக்கப்படாமல் உதிரியாக இருக்கும். நம்மில் அறிவியல் பயின்றோர் பள்ளி ஆய்வகத்தில் முக்காலியின்மேல் வைத்த கம்பிவலையை நினைவுகூரலாம். அதன் நடுவில் இருந்த வெள்ளை வட்டம் பழைய வலைகளில் ஆஸ்பெஸ்டாஸே. இன்று பீங்கான் பூச்சுள்ளவை கிடைக்கின்றன; உதிரும் பழைய வலைகள் இன்னும் அலமாரியில் இருந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

கண்டுகொண்டபின் அச்சத்தில் பிடுங்குவதுதான் மிகத் தீங்கானது. நல்ல நிலையில் உள்ள தகட்டை அசைக்காமல் விடுவது மேல். அதன்மேல் நடக்கவோ, துளையிடவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. அகற்றியே ஆகவேண்டுமெனில் நீர் தெளித்து நனைத்து, அறுக்காமல், ஆணியைத் தளர்த்தி முழுத்தகடாக இறக்கவேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். துணி முகக்கவசம் இந்த நாரைத் தடுக்காது. நுண்துகள் வடிகட்டும் சுவாசக்கவசம் வேண்டும். வேலை செய்த உடையோடு வீட்டுக்குள் சென்றால் நாரும் உடன் செல்லும். ஆலையிலிருந்து வந்த கணவரின் உடைகளைத் துவைத்ததாலேயே மீசோதீலியோமாவுக்கு ஆளான பெண்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் அட்டவணையில், தொழிற்சாலைகள் கழித்துவிடும் ஆஸ்பெஸ்டாஸ் இடம்பெற்றிருக்கிறது. வீட்டிலிருந்து கழிக்கும் தகடோ தெருவில் கட்டட இடிபாடு. புயலுக்குப் பின் பள்ளம் நிரப்பும் கல். இங்கும் பெயர் மாறும்போது விதி விலகிவிடுகிறது.

செய்யத்தக்கவை

மலிவான, எரியாத மாற்றுக் கூரை கிடைக்காமல் ஏழைக் குடும்பத்திடம் தகட்டை மாற்றச் சொல்வது அறமன்று. அந்தச் செலவு அரசுக்கும், இதில் ஈட்டிய தொழிலுக்கும் உரியது. ஆனால் பெயரை மீட்பதற்கு அவ்வளவு செலவில்லை. வரும் கணக்கெடுப்புகளில் அந்த ஒரு நிரலை இரண்டாகப் பிரிக்கலாம். புற்றுநோய்ப் பதிவேடுகளில் நோயாளியின் வாழ்நாள் முழுவதுக்குமான தொழில் வரலாற்றைக் கேட்கலாம். பல்கலைக்கழக விடுதிகளிலும் ஆய்வகங்களிலும் எங்கெங்கே ஆஸ்பெஸ்டாஸ் உள்ளது என்று ஒரு பட்டியல் எடுத்து, பழுதுபார்க்க வரும் தொழிலாளி துளையிடுமுன் அதை அவர் கையில் தரலாம். கடைசியாகச் சொன்னது எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல், ஒரு துறை மாணவர்களே ஒரு பருவத்துக்குள் செய்துமுடிக்கக்கூடிய வேலை.

உங்கள் பகுதியில் இத்தகடு என்ன பெயரால் வழங்குகிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மாவட்டத்தையும், முடிந்தால் அச்சொல்லை எந்தத் தலைமுறையினர் வழங்குகின்றனர் என்பதையும் குறிப்பிடுங்கள். தகரத்துக்கும் இதற்கும் ஒரே சொல் வழங்கும் வட்டாரங்களை முதலில் தொகுக்க எண்ணுகிறேன். எச்சரிக்கைத் துண்டறிக்கை எழுதுவோர் எந்தச் சொல்லில் எழுதினால் அங்குள்ள கூரைத் தொழிலாளிக்குப் புரியும் என்பதை அந்தத் தொகுப்பு சொல்லும்.